வெளிநாட்டு பைக் பார்ட்ஸ்: 10 ஆயிரம் ரூபாய் பொருள் வீட்டு வாசலுக்கு வரும்போது 17 ஆயிரம் ஆவது எப்படி? சுங்க வரி கணக்கு முழு விவரம்

"ஏனுங்கண்ணா, பார்ட்ஸுக்கு காசு கட்டியாச்சு, கூரியருக்கும் கட்டியாச்சு. இப்ப எதுக்குங்க இன்னொரு நாலாயிரத்து ஐநூறு?"

வெளிநாட்டு இணையதளத்தில் முதன்முறையாக பைக் பார்ட்ஸ் ஆர்டர் போட்டவர்களிடம் இருந்து வரும் கேள்வி இது. பார்சல் இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்படும் நேரத்தில், 'சுங்க வரி செலுத்தவும்' என்று ஒரு எஸ்எம்எஸ் வந்து நிற்கும். கட்டினால் பட்ஜெட் எகிறும். கட்டாவிட்டால் பார்சல் கைக்கு வராது.

அந்த வரி எப்படி வருகிறது? ஆர்டர் போடும் முன்பே அதை நாமே கணக்குப் போட முடியுமா? முடியும். ஒரு பேப்பர், ஒரு பேனா, ஐந்து நிமிடம் போதும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்

* வரி பார்ட்ஸின் விலைக்கு மட்டும் இல்லை. கூரியர் கட்டணம், காப்பீடு சேர்த்த தொகைக்குத்தான் வரி.
* மோட்டார் சைக்கிள் பார்ட்ஸுக்கு 15% அடிப்படை சுங்க வரி, அதன் மேல் கூடுதல் வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18% ஐஜிஎஸ்டி. மொத்தம் 37.47%.
* 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்பது பழைய கதை. 2019 டிசம்பரிலேயே அந்தச் சலுகை போய்விட்டது.
* பழைய பார்ட்ஸ், ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட், டயர் ஆகியவற்றை வரி கட்டத் தயாராக இருந்தாலும் எளிதில் எடுக்க முடியாது.

வெளிநாட்டில் போய் ஏன் வாங்குகிறார்கள்?

கிணத்துக்கடவில் இருந்து கொஞ்ச தூரத்தில், செட்டிபாளையத்தில் இருக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. தேசிய அளவிலான பைக் பந்தயங்கள் நடக்கும் டிராக். கோவை வட்டாரத்தில் பைக் மோகம் அதிகம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ரேஸ் ஓட்டுபவர்கள், பெரிய சிசி பைக் வைத்திருப்பவர்கள், அப்பா காலத்து ராஜ்தூத் 350, ஆர்எக்ஸ் 100 வண்டிகளை மீண்டும் உயிர்ப்பிப்பவர்கள் என்று மூன்று தரப்பினர் வெளிநாட்டு பார்ட்ஸைத் தேடுகிறார்கள்.

காரணம் சுலபம். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இங்கே ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம். பெரிய பைக்குக்கு இங்குள்ள டீலரிடம் கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். அதே பொருள் ஜப்பான், தாய்லாந்து, இங்கிலாந்து தளங்களில் 'ஸ்டாக் உள்ளது' என்று கண்ணைச் சிமிட்டும். விலையும் குறைவாகத் தெரியும்.

அந்த 'தெரியும்' என்ற இடத்தில்தான் சிக்கல். திரையில் தெரியும் விலை அந்த நாட்டு விலை. நம் ஊர் விலை இனிமேல்தான் ஆரம்பம்.

எந்தத் தொகைக்கு வரி போடுகிறார்கள்?

சுங்கத் துறை வரி போடும் தொகைக்கு 'மதிப்பிடத்தக்க மதிப்பு' என்று பெயர். சுங்கச் சட்டம் 1962-ன் 14-வது பிரிவும், 2007-ம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளும் இதைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் கூட்ட வேண்டும்.

* பொருளின் விலை
* இந்தியா வரைக்குமான போக்குவரத்துக் கட்டணம்
* காப்பீடு

காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று தெரியாவிட்டால், பொருள் விலையில் 1.125% என்று எடுத்துக்கொள்வார்கள். போக்குவரத்துக் கட்டணம் தெரியாவிட்டால், பொருள் விலையில் 20%.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம் உண்டு. விமானத்தில் வரும் பொருளுக்கு நீங்கள் எவ்வளவு கூரியர் கட்டணம் கொடுத்திருந்தாலும், வரிக் கணக்கில் அது பொருள் விலையில் 20%-ஐத் தாண்டக் கூடாது. சின்ன பார்ட்ஸுக்கு பெரிய கூரியர் கட்டணம் கொடுப்பவர்களுக்கு இது உதவும். பில் வந்ததும் இந்த 20% வரம்பைப் பின்பற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

டாலர், யென், பவுண்டை ரூபாயாக மாற்றுவது வங்கி ரேட்டில் இல்லை. சுங்கத் துறை அவ்வப்போது அறிவிக்கும் மாற்று விகிதத்தில். கூகுளில் பார்த்த ரேட்டுக்கும் பில்லில் உள்ள ரேட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம்.

வரி மேல் வரி: மூன்று அடுக்கு

முதல் அடுக்கு, அடிப்படை சுங்க வரி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எச்எஸ்என் எண் உண்டு. மோட்டார் சைக்கிள் பார்ட்ஸ், துணைப் பொருட்கள் பெரும்பாலும் 8714 என்ற தலைப்பின் கீழ் வரும். வரி 15%. 2018 பட்ஜெட்டில் வாகன பார்ட்ஸ் பலவற்றுக்கு வரி உயர்த்தப்பட்டு இந்த 15% வந்தது.

இரண்டாவது அடுக்கு, சமூக நலக் கூடுதல் வரி. இதுவும் 2018-ல் வந்தது. இது பொருளின் விலைக்கு இல்லை, அடிப்படை சுங்க வரிக்கு 10%. அதாவது 15-ல் 10%, ஒன்றரை சதவீதம்.

மூன்றாவது அடுக்கு, ஐஜிஎஸ்டி. பொருளின் மதிப்பு, சுங்க வரி, கூடுதல் வரி மூன்றையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் 18%. ஆமாம், வரிக்கும் வரி.

2025 செப்டம்பர் 22-க்கு முன்பு இது 28% ஆக இருந்தது. ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டத்தில் எடுத்த முடிவுப்படி, வாகன பார்ட்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே சீராக 18% ஆனது. அதனால் மோட்டார் சைக்கிள் பார்ட்ஸின் மொத்த வரிச் சுமை 49.12%-ல் இருந்து 37.47% ஆகக் குறைந்தது.

பழைய பதிவுகளையும் வீடியோக்களையும் பார்த்துக் கணக்குப் போட்டால் தொகை தப்பாக வருவது இதனால்தான். தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

மிதிவண்டிக்காரர்கள் கவனிக்க: சைக்கிள் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி அதே நாளில் 12%-ல் இருந்து 5% ஆனது. சுங்க வரி விகிதமும் மோட்டார் சைக்கிள் பார்ட்ஸில் இருந்து வேறுபடும். ஆனால் கணக்குப் போடும் முறை இதேதான். விகிதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

கிணத்துக்கடவில் இருக்கும் ஒருவர் வெளிநாட்டில் இருந்து பிரேக் லீவர் செட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய் மதிப்பில் பொருள் விலை 10,000. கூரியர் கட்டணம் 2,500.

* பொருள் விலை: ரூ.10,000
* கூரியர் (20% வரம்புப்படி): ரூ.2,000
* காப்பீடு (1.125%): ரூ.112.50
* வரிக்கான மதிப்பு: ரூ.12,112.50
* அடிப்படை சுங்க வரி 15%: ரூ.1,816.88
* சமூக நலக் கூடுதல் வரி: ரூ.181.69
* இதுவரை கூட்டினால்: ரூ.14,111.06
* அதன் மேல் ஐஜிஎஸ்டி 18%: ரூ.2,539.99
* மொத்த வரி: சுமார் ரூ.4,539

இப்போது கையில் இருந்து போன பணத்தைக் கூட்டுங்கள். பொருளுக்கு 10,000, கூரியருக்கு 2,500, வரி 4,539. மொத்தம் 17,039 ரூபாய்.

அதோடு முடியவில்லை. வெளிநாட்டுக் கரன்சியில் கார்டு தேய்த்ததற்கு வங்கி ஒரு மார்க்-அப் கட்டணம் எடுக்கும். வங்கிக்கு வங்கி இது மாறும். 3.5% என்றால் 12,500 ரூபாய்க்கு 437 ரூபாய் ஐம்பது காசு. அதற்கு 18% ஜிஎஸ்டி தனி. உங்களுக்காக முன்கூட்டியே வரி கட்டிக் கொடுத்ததற்கு கூரியர் நிறுவனம் ஒரு சேவைக் கட்டணம் போடும். அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. இதெல்லாம் சேர்ந்தால் 18 ஆயிரத்தை நெருங்கிவிடும்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுலபக் கணக்கு: பொருள் விலையும் கூரியரும் சேர்ந்து எவ்வளவோ, அதோடு இன்னொரு 40% சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் உண்மையான விலை. அந்த விலைக்கும் வாங்கலாம் என்று தோன்றினால் மட்டும் பட்டனை அழுத்துங்கள்.

'சொந்த உபயோகம்' என்றால் வேறு வரியா?

பில்லில் சிலருக்கு 8714 என்று இருக்கும். சிலருக்கு 9804 என்று இருக்கும். இந்த 9804 என்பது தபாலிலோ விமானத்திலோ சொந்த உபயோகத்துக்காக வரும் பொருட்களுக்கான தனித் தலைப்பு. என்ன பொருள் என்று பார்க்காமல், எதற்காக வருகிறது என்று பார்க்கும் தலைப்பு.

பல வருடங்களாக இதுதான் பைக் பிரியர்களைக் கதறவிட்டது. அடிப்படை சுங்க வரி 35%, கூடுதல் வரி 3.5%, அதன் மேல் 28% ஐஜிஎஸ்டி. மொத்தம் 77.28%. மேலே சொன்ன அதே லீவர் செட்டுக்கு அப்போது வரி மட்டும் சுமார் ரூ.9,360. கிட்டத்தட்ட இன்னொரு லீவர் செட் விலை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 35% ஆக இருந்த அடிப்படை வரி 20% ஆனது. 2026 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதை 20%-ல் இருந்து 10% ஆகக் குறைத்து அறிவித்தார். இந்தத் தலைப்புக்கான ஐஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் 28%-ல் இருந்து 18% ஆகியிருந்தது. 10% சுங்க வரியை வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த வரி சுமார் 30%. அதே பொருளுக்கு 3,600 முதல் 3,750 ரூபாய்க்குள் அடங்கும்.

ஒரு காலத்தில் '9804-ல் போட்டுடாதீங்க, 8714-ல் போடுங்க' என்று கூரியர்காரரிடம் கெஞ்சியவர்கள், இனி 9804-ஐக் கேட்டு வாங்க வேண்டிய நிலை. ஒரே ஒரு நிபந்தனை: உண்மையிலேயே உங்கள் சொந்த வண்டிக்காக இருக்க வேண்டும். ஒரே லீவர் பத்து செட் வந்தால் அதை யாரும் சொந்த உபயோகம் என்று ஏற்கமாட்டார்கள்.

'கிஃப்ட்' என்று போட்டால் தப்பிக்கலாமா?

முடியாது. முன்பு 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்கு வரி விலக்கு இருந்தது. சில வெளிநாட்டு இணையதளங்கள் இதைப் பயன்படுத்தி, காசு கொடுத்து வாங்கிய பொருளைக்கூட 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பின. 2019 டிசம்பரில் மத்திய அரசு இந்த வழியை அடைத்தது. உயிர் காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் இப்போது விலக்கு. பரிசாக வரட்டும், ஆனால் முழு வரியும் கட்டணும் என்பதுதான் விதி.

'அமெரிக்காவில் 800 டாலர் வரை வரி கிடையாதாமே?' என்று கேட்பவர்கள் உண்டு. அது அமெரிக்காவுக்குள் வரும் பார்சல்களுக்கான சலுகை. அதையும் 2025 ஆகஸ்ட் இறுதியில் அந்த நாடு நிறுத்திவிட்டது. நம் நாட்டில் காசு கொடுத்து வாங்கும் சின்ன பார்சலுக்கு அப்படி ஒரு பொதுவான விலக்கு வரம்பு இல்லை. ஆர்டரை நான்காகப் பிரித்துப் போட்டால் வரி குறையாது. கூரியர் சேவைக் கட்டணம்தான் நான்கு முறை வரும்.

விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லலாமா?

'பில்லில் 20 டாலர் என்று போட்டு அனுப்புங்கள்' என்று விற்பவரிடம் கேட்பது பலருக்குப் பழக்கம். இது விளையாட்டு இல்லை. சுங்கத் துறைக்கு சந்தேகம் வந்தால் கார்டு ஸ்டேட்மென்ட், ஆர்டர் பக்கத்தின் பிரிண்ட் எல்லாம் கேட்பார்கள். அதே பொருளின் விலையை இணையத்தில் பார்க்க அவர்களுக்கும் தெரியும்.

பொய்யான விவரம் கொடுத்து வந்த பொருளை சுங்கச் சட்டத்தின் 111-வது பிரிவின் கீழ் பறிமுதல் செய்யலாம். மீட்க வேண்டும் என்றால் 125-வது பிரிவின் கீழ் மீட்பு அபராதம். அது போக 112-வது பிரிவின் கீழ் தண்டத்தொகை. மிச்சப்படுத்த நினைத்தது இரண்டாயிரம் என்றால், போவது அதைவிட அதிகமாக இருக்கலாம்.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். வழியில் பார்சல் தொலைந்தால் காப்பீடு பில்லில் உள்ள தொகைக்குத்தான் கிடைக்கும். 120 டாலர் பொருளுக்கு 20 டாலர்தான் திரும்பி வரும்.

வரி கட்டினாலும் வராத பொருட்கள்

பழைய பார்ட்ஸ்: ராஜ்தூத், ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி, இயந்திரங்கள் போன்ற மூலதனப் பொருட்கள் தவிர்த்த மற்ற பழைய பொருட்களின் இறக்குமதி 'கட்டுப்படுத்தப்பட்ட' பிரிவில் இருக்கிறது. தனி அனுமதி வேண்டும். ஏல இணையதளத்தில் 'யூஸ்டு கார்புரேட்டர்' மலிவாகக் கிடைக்கிறது என்று அவசரப்படாதீர்கள். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு, பயன்படுத்தாமல் இருப்பில் இருந்த புதிய பார்ட்ஸும் சில இடங்களில் கிடைக்கும். பில்லில் அது புதியது என்று தெளிவாக இருக்க வேண்டும்.

ஹெல்மெட்: 2021 ஜூன் 1 முதல் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டுத் தரச் சான்று மட்டும் உள்ள ஹெல்மெட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சுங்கத்தில் நிற்கும்.

டயர்: 2020 ஜூனில் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், சைக்கிள் டயர் உட்பட பல வகை புதிய டயர்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஒரு ஜோடி டயரைத் தனியாக ஆர்டர் போட்டு வரவழைப்பது நடைமுறையில் ஆகாத காரியம்.

சைலென்சர்: இது சுங்கத்தைத் தாண்டி வந்தாலும் ரோட்டில் மாட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்குத் தடை போடுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். வரி கட்டி வாங்கி, அபராதம் கட்டிக் கழற்றுவதில் அர்த்தம் இல்லை.

பார்சல் எங்கே நிற்கும்? என்ன டாக்குமென்ட் வேண்டும்?

தனியார் கூரியரில் வந்தால் சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி போன்ற பெரிய விமான நிலையங்களின் கூரியர் முனையத்தில் சுங்கச் சோதனை நடக்கும். தபாலில் வந்தால் அயல்நாட்டு அஞ்சலகத்தில். கூரியர் என்றால் ஆன்லைனில் வரி கட்டச் சொல்வார்கள். தபால் என்றால் பெரும்பாலும் தபால்காரர் பொருளைக் கொண்டுவரும்போது வரித் தொகையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார்.

கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை:

* கேஒய்சி: ஆதார், பான், பாஸ்போர்ட் போன்ற அடையாளச் சான்று
* ஆர்டர் பில், பணம் கட்டியதற்கான ஆதாரம்
* பொருள் என்ன, எந்த வண்டிக்கு என்று சொல்லும் விவரம் அல்லது இணையப் பக்கத்தின் பிரிண்ட்

முகவரி ஆதாரில் உள்ளதும் பார்சலில் உள்ளதும் வேறாக இருந்தால் தாமதம் ஆகலாம். நாட்கள் கடந்தால் கிடங்கு வாடகையும் ஏறும். கேட்ட டாக்குமென்டை அன்றைக்கே அனுப்பிவிடுவது நல்லது.

போலி 'கஸ்டம்ஸ்' எஸ்எம்எஸ்: ஏமாறாதீங்க

'உங்கள் பார்சல் சுங்கத்தில் பிடிபட்டுள்ளது, உடனே பணம் கட்டவும்' என்ற மோசடி எஸ்எம்எஸ்களும் வருகின்றன. உண்மையிலேயே பார்சலுக்குக் காத்திருப்பவர்தான் இதில் எளிதாக விழுவார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சுங்க அதிகாரி தனிநபர் வங்கிக் கணக்குக்கோ, யுபிஐ எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொல்லமாட்டார். சுங்கத் துறை அனுப்பும் கடிதங்களில் 'டின்' எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். அந்த எண் உண்மையா என்று மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்கைத் தொடாமல், கூரியர் நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே உங்கள் டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

வரி தப்பாகப் போட்டால்? பொருளே தப்பாக வந்தால்?

வரி அதிகம் என்று தோன்றினால் முதலில் கூரியர் நிறுவனத்திடம் பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த எச்எஸ்என் எண், எந்த விகிதம், கூரியர் கட்டணம் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். தப்பு இருந்தால் பணம் கட்டும் முன்பே சொல்வது சுலபம். கட்டிய பிறகு என்றால், உத்தரவு கிடைத்த 60 நாட்களுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) முறையிடலாம். இது 128-வது பிரிவு தரும் உரிமை.

வரி கட்டி எடுத்த பொருள் பழுதாகவோ, கேட்டதற்கு மாறாகவோ இருந்தால் 26ஏ பிரிவு உதவும். பொருளை வண்டியில் மாட்டியிருக்கக் கூடாது. பொதுவாக, விடுவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கட்டிய சுங்க வரியைத் திரும்பக் கேட்கலாம். அதனால் பார்சல் வந்ததும் முதல் வேலை, பிரித்துப் பார்த்து போட்டோ எடுப்பது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் மாட்டுவது அடுத்த வேலை.

வரியே கட்ட வேண்டாம், பொருளும் வேண்டாம் என்ற முடிவா? விடுவிக்கும் உத்தரவு வரும் முன்பு, பொருளின் மீதான உரிமையை விட்டுக்கொடுக்க 23-வது பிரிவில் வழி இருக்கிறது. பொருள் போகும், வரி மிஞ்சும். தவறான விவரம் கொடுத்து மாட்டியவர்களுக்கு இந்த வழி கிடையாது.

ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவரா? உங்கள் கணக்கு வேறு

வாடிக்கையாளர்களுக்கு விற்பதற்காக வாங்குபவர் 'சொந்த உபயோகம்' என்று எடுக்கக் கூடாது. டிஜிஎஃப்டி இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி ஐஇசி எனப்படும் இறக்குமதி ஏற்றுமதி எண் வாங்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவும் இருந்தால் ஒரு பெரிய லாபம் உண்டு. கட்டிய ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம்.

அதே 37.47%-ல் 20.97% ஐஜிஎஸ்டி. அது வரவில் வந்துவிட்டால், உண்மையில் சுமை 16.5% மட்டும். நண்பர்கள் நான்கு பேர் தனித்தனியாக ஆர்டர் போட்டு ஒவ்வொருவரும் கூரியர் கட்டணம் கொடுப்பதைவிட, முறையாகப் பதிவு செய்த ஒர்க்‌ஷாப் மூலம் வாங்குவது ஏன் சில சமயம் மலிவாக முடிகிறது என்பதற்குக் காரணம் இதுதான். பில்லோடு வாங்குங்கள்.

ஷார்ஜா மாமா கொண்டு வரலாமா?

கோவைக்கு ஷார்ஜா, சிங்கப்பூரில் இருந்து நேரடி விமானம் இருக்கிறது. ஊருக்கு வரும் சொந்தக்காரரிடம் ஒரு ஷாக் அப்சார்பரைச் சொல்லி அனுப்புவது சகஜம். 2026 பிப்ரவரியில் வந்த புதிய பயண உடைமை விதிகளின்படி, விமானத்தில் வரும் இந்தியர் ஒருவர் 75,000 ரூபாய் மதிப்பு வரையிலான பொருட்களை வரி இல்லாமல் கொண்டு வரலாம். முன்பு இது 50,000.

ஆனால் அந்த வரம்பு அவர் கொண்டுவரும் எல்லாப் பொருளுக்கும் சேர்த்துத்தான். அத்தைக்கு வாங்கிய மிக்ஸியும் அதில் அடங்கும். வியாபார அளவில் கொண்டு வந்தால் சலுகை இல்லை. பில்லைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

முழு பைக்குக்குக் குறைந்தது, பார்ட்ஸுக்கு?

ஹார்லி டேவிட்சன் வரி விவகாரம் நினைவிருக்கும். அமெரிக்க அதிபர் டிரம்ப் மேடைக்கு மேடை பேசிய விஷயம். முழுதாகக் கட்டமைத்து இறக்குமதியாகும் பைக்குக்கு 60%, 75% என்று இருந்த வரியை 2018 பிப்ரவரியில் இந்தியா 50% ஆகக் குறைத்தது. 2025 பட்ஜெட்டில் 1600 சிசி வரையிலான பைக்குக்கு 40%, அதற்கு மேல் 30% என்று இன்னும் இறங்கியது.

பெரிய பைக் வாங்குபவருக்கு இது நல்ல செய்தி. அதே பைக்குக்கு பிரேக் பேட் வாங்கும்போது பார்ட்ஸுக்கான 15% அப்படியே இருந்தது. பார்ட்ஸ் பக்கம் நமக்குக் கிடைத்த நிவாரணம் ஜிஎஸ்டி குறைப்பிலும், சொந்த உபயோகத்துக்கான வரிக் குறைப்பிலும் இருந்துதான் வந்தது.

பக்கத்து ஊரில் கிடைக்கிறதா என்று பார்த்தீர்களா?

சுங்க வரி அதிகமாக வைக்கப்பட்டிருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் உள்நாட்டு உற்பத்தியைப் பாதுகாப்பது. அந்த உற்பத்தியில் ஒரு பங்கு நம் மாவட்டத்தில்தான் நடக்கிறது. ரோலான் செயின், ஸ்ப்ராக்கெட் தயாரிக்கும் எல்ஜிபி கோவை நிறுவனம். பல கம்பெனி பைக்குகளுக்கு மீட்டர் செய்து கொடுக்கும் பிரிக்காலும் கோவைதான்.

செயின், ஸ்ப்ராக்கெட், கேபிள், பேரிங் மாதிரியான பொருட்களுக்கு 37% வரி கட்டி வெளிநாட்டில் வாங்குவது அவசியமா என்று ஒருமுறை யோசியுங்கள். லீவர் பிராக்கெட், புஷ், ஸ்பேசர் மாதிரி சின்ன உலோக பார்ட்ஸ் என்றால், பழைய சாம்பிளைக் கொண்டுபோய்க் காட்டினால் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகளுக்கு கோவையில் பஞ்சமில்லை. பிரேக், சஸ்பென்ஷன் போன்ற உயிரோடு விளையாடும் பார்ட்ஸில் மட்டும் ஒரிஜினலை விட்டுக்கொடுக்காதீர்கள். வரி கொடுத்தாலும் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

ஆர்டர் போடும் முன் ஒரு நிமிடம்

* இதே பார்ட்ஸ் இங்கே கிடைக்குமா? டீலரிடமும் உள்ளூர் கடையிலும் விலை கேட்டாச்சா?
* பொருள் விலை, கூரியர், அதன் மேல் 40% சேர்த்தால் எவ்வளவு?
* பொருள் புதியதா? தடை, கட்டுப்பாடு, ஐஎஸ்ஐ சிக்கல் ஏதாவது உண்டா?
* வண்டியில் மாட்டினால் சட்டப்படி சரியா?
* பில்லில் உண்மையான விலை, பொருளின் பெயர், 'சொந்த உபயோகம்' என்ற விவரம் இருக்கிறதா?
* தப்பான பொருள் வந்தால் விற்பவர் திரும்ப எடுப்பாரா?

இந்த ஆறு கேள்விக்கும் பதில் தெரிந்தவருக்கு சுங்கத்தில் இருந்து வரும் எஸ்எம்எஸ் அதிர்ச்சியாக இருக்காது. ஏற்கெனவே எடுத்து வைத்த காசைக் கட்டிவிட்டு, பார்சலை வாங்கிக்கொண்டு நேராக மெக்கானிக் ஷாப்புக்குப் போகலாம்.

சுங்க வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. பெரிய தொகைக்கு ஆர்டர் போடும் முன்பு அன்றைய விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்க.